மீதிப் பேர் ஏன் இறங்கவில்லை?

சென்ற வாரம் போர்ட் பிளேரில், எங்கள் பத்துபஸ்தி வீட்டில் ஒரு ரயில் தடம் புரண்டது.

ரயிலே இல்லாத அந்தமானில் எப்படி என்கிறீர்களா? இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்தான்!

ரயிலில் பதினெட்டு பேர் போகிறார்கள். ஒரு ஸ்டேஷனில் ஏழு பேர் இறங்க, ஐந்து பேர் ஏறுகிறார்கள். இப்போது எத்தனை பேர்? மறுநாள் டெஸ்ட். என் மகள் யாழினி பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்டேஷன்னா ஃபெர்ரி ஜெட்டி மாதிரியாம்மா?”

“ஆமாண்டி செல்லம்.”

“அப்போ மீதிப் பேர் ஏன் இறங்கல?”

நியாயம்தானே! அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாத்தம் – பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி. அக்கரை வந்தால் அத்தனை பேரும் இறங்கியாக வேண்டும். மெயின்லேண்டுக்குப் போனாலும் ஃப்ளைட், அப்புறம் கார். பாதி வழியில் பாதிப் பேர் இறங்குவதை அவள் எங்கே கண்டாள்?

என் கணவர் விருதுநகர்க்காரர். சும்மா இருப்பாரா? “பதினெட்டே பேரா? எங்க ஊர் ரயில்ல வாசல்லயே அத்தனை பேரு தொங்குவாங்களே!” என்று போனில் வீடியோ போட்டுக் காட்டினார். எஞ்சின், சிக்னல், மேல் பெர்த்... எல்லாம் வந்தது. கணக்கு மட்டும் காணாமல் போய்விட்டது.

“எனக்கு மேத்ஸ் வராதும்மா. நாளைக்கு ஸ்கூலுக்குப் போகல.” கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

ஏழு வயதிலேயே ‘வராது’ என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு யார் போய் மாற்றுவது?

தெற்கே நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில் நான் படித்தபோதும் இப்படி ஒரு ரயில் வந்தது. என் பெஞ்சில் ஜஸ்பீர் — பழைய ராணுவக்காரர் வீட்டுப் பஞ்சாபிப் பெண். நான் விழிப்பதைப் பார்த்து, “ரேல் சோட் தே, ஜஹாஸ் சமஜ்” என்று கிசுகிசுத்தாள். ரயிலை விடு, கப்பல் என்று வைத்துக்கொள்! அவ்வளவுதான், விடை வந்துவிட்டது. போர்ட் பிளேர் கப்பல் வழியில் கார் நிக்கோபார் தீவில் கொஞ்சம் பேரை இறக்கி, கொஞ்சம் பேரை ஏற்றிக்கொண்டுதானே எங்களிடம் வரும்?

அதையே யாழினியிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. ஹாரன் கேட்டதும் ஊரே ஜெட்டிக்கு ஓடுவது, பங்க் கிளாஸ் அடுக்குப் படுக்கையில் அம்மா பிரிக்கும் புளிச்சோறு, டெக்கில் முகத்தில் அடிக்கும் காற்று... ஐயோ, அந்த நாட்கள்!

“அம்மா... இது கணக்கா, கதையா?”

வாயை மூடிக்கொண்டேன். சின்னத் தலையில் ஒரு நேரத்தில் கொஞ்சம்தான் கொள்ளும். அதில் பாதியை அப்பாவின் ரயிலும் மீதியை அம்மாவின் கப்பலும் பிடித்துக்கொண்டால், கணக்கு எங்கே போய் உட்காரும்?

கடைசியில் அவளே கேட்டாள். “அபர்தீன் பஜார் பஸ்ஸுனு வச்சுக்கவா?”

அட, பஸ் எனக்குத் தோன்றவே இல்லையே! “வச்சுக்கோ.” அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது!

“குட்வில் எஸ்டேட் ஸ்டாப்ல ஏழு பேர் இறங்கியாச்சு... பதினொண்ணு. அஞ்சு பேர் ஏறியாச்சு... பதினாறு! டீக் ஹை நா?”

டீக்தான், ரொம்பச் சரி! அள்ளி எடுத்து முத்தம் கொடுத்தேன். அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்போ அந்த ஜஹாஸ் கதையச் சொல்லும்மா.”

கேம்பல் பே பற்றி இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விடுவேனா?