பச்சைத் தண்ணீரும் ஊரார் இரத்தமும்

இரத்தக் கறை எடுக்கும் தொழிலில் இரண்டே விதிகள்தான்: சூடு காட்டாதே, எப்படி வந்தது என்று கேட்காதே. முதல் விதியை மீறினால் கறை துணியை விடாது; இரண்டாவதை மீறினால் வாடிக்கையாளர் உங்களை விடமாட்டார்.

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு டோபிக் கடையில், அதாவது சலவைக் கடையில், பன்னிரண்டு வருடம் இந்த வேலை பார்த்தேன். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம், மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்ததுதான். 'கடைசிச் சொட்டு இரத்தம் உள்ளவரை' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்தச் சொட்டு சட்டையில் விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை. தொட்டிமுன் குனிந்தே முதுகு வளைந்த தோழர்களே, இதையெல்லாம் நீங்களும் பட்டிருப்பீர்கள். படிக்கும்போதாவது நிமிர்ந்து உட்காருங்கள்.

ஒரே சட்டை

ஐம்பதுகளின் நடுவில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். வாசலில் தடியடி. எனக்குப் பின்மண்டையில் விழுந்தது. அடித்தது யார் என்று இன்றும் கேட்கிறார்கள். கண் முன்பக்கம் இருக்கிறது, அடி பின்பக்கம் விழுந்தது. நான் என்ன செய்ய? விழித்தபோது ஒரு கடை வாசலில், அஞ்சடி நடைபாதையில் கிடந்தேன். என்னோடு மூட்டை தூக்கிய வேலு பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இடையில் நடந்தது எதுவும் நினைவில்லை.

வேலை போயிற்று. இன்னொரு வேலை தேடிப் போக என்னிடம் இருந்தது அந்த ஒரே சட்டை. குழாயடியில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, சோப்புக் கட்டியால் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் போட்டுக்கொண்டு டோபிக் கடை ராவுத்தரிடம் போய் நின்றேன். மண்டை உடைந்த கதையைப் பெருமையாகவே சொன்னேன். அவர் மண்டையைப் பார்க்கவில்லை. என் கழுத்துப்பட்டையைப் புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். "இதுலயா ரத்தம் பட்டுச்சு? யாரு துவைச்சது?" என்றார். நான்தான் என்றேன். பட்டையை விட்டுவிட்டுச் சொன்னார்: "சரி. அரசியல் வாசலோட நிக்கட்டும், கை மட்டும் உள்ள வரட்டும்."

தழும்புக்குச் சாட்சி

சில வருடங்களில் சங்கம் மறுபடி தலையெடுத்தது. வேலு செயலாளர் ஆனான். தடியடி நடந்த அன்று அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தானாம். அவனிடம் வேறு இரண்டு சட்டைகள் இருந்தன. இரத்தம் காய்ந்த அந்தச் சட்டை சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. வருடா வருடம் விழாவில் அதற்கு மாலை. காயம்பட்ட தோழர்களின் பட்டியலை, வேலுவின் பெயரில் தொடங்கி, மேடையில் வாசிப்பார்கள், விழா மலரிலும் அச்சிடுவார்கள். வேலையில் சேர்க்கக் கூடாதவர்கள் என்று முதலாளிகள் வைத்திருந்த பட்டியலில் என் பெயர் இருந்தது. சங்கத்தின் பட்டியலில் இல்லை.

மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்று முறையும் 'சான்று தேவை' என்று பதில் வந்தது. நேரில் போய்ச் செயற்குழுவின் முன் தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினேன். வேலு ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கள்ளுக்கடையில விழுந்தவனுக்கும் இதே இடத்துலதான் தழும்பு இருக்கும், தோழர். ரத்தம் பட்ட சட்டை ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க."

வாடகை தராத குடியிருப்போர்

டன்லப் தெருப் பக்கம் ஒரு தங்கும் விடுதியிலிருந்து வாரம் நாற்பது படுக்கை விரிப்புகள் வரும். கடுகு தாளித்துத் தெளித்த மாதிரி எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சி நசுங்கிய இரத்தம். இப்படிப்பட்ட கறைக்கு ராவுத்தர் எனக்கு ஒரு பாடம் சொல்லியிருந்தார்: துணியைப் புரட்டி, கறை எந்தப் பக்கம் நுழைந்தது என்று பார், நுழைந்த பக்கம் தடித்திருக்கும், மறுபக்கம் நிழல் மாதிரி இருக்கும், நிழல் பக்கத்திலிருந்து தண்ணீர் விடு, வந்த வழியே திரும்பிப் போகும். அன்றிலிருந்து எந்தத் துணியைத் தொட்டாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் எனக்குக் கை ஓடாது.

ஒரு நாள் விடுதிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். உழைப்பாளியின் இரத்தத்தை உறிஞ்சுவது யார் என்பதைப் பற்றி நானே எழுதிய துண்டறிக்கை எனக்கு மனப்பாடம். கட்டிலுக்கு மேலே இருப்பவனையும் கட்டிலுக்குச் சொந்தக்காரனையும் கட்டிலுக்குள் இருப்பதையும் ஒப்பிட்டு ஒரு பத்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்க விடுதியில மூட்டைப்பூச்சியே கிடையாதுலா, தம்பி. வர்றவங்க ஊர்லேர்ந்து கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுறாங்க."

ஜாகாவின் மூக்கு

ஒரு கம்பெனிக் கிடங்கைக் காவல் காக்கும் ஜாகா, நம்மவர்தான், காக்கிச் சட்டை நிறைய இரத்தத்தோடு வந்தார். வேலைநிறுத்தத்தின்போது வாசலுக்கு உள்பக்கம் தடியோடு நின்றவர்கள் இந்த ஜாதிக் காவலாளிகள்தான். சட்டையைக் கையில் வாங்கியதும் எனக்குப் பின்மண்டை விண்ணென்றது. வெந்நீரில் முக்கி, ஆயுளுக்கும் கறை போகாதபடி செய்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன். கெட்டிலைப் பார்த்தேன், அதில் ராவுத்தரின் தேநீர்தான் இருந்தது. பிழைத்தார்.

இரண்டாவது விதியை அவரே மீறினார். பட்டப்பகலில் கயிற்றுக் கட்டிலில் தூங்கியவர் உருண்டு விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டிருக்கிறார். மேனேஜருக்குப் போன் போட்டுத் திருடன் பின்னாலிருந்து அடித்துவிட்டதாகச் சொல்லியாயிற்று. பின்னாலிருந்து அடித்தால் முன்பக்கம் எப்படி இவ்வளவு இரத்தம் என்றேன். திகைத்துப் போய்ச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்: "சொல்லிக் குடுத்தீங்க, நல்லது. முன்னாலேர்ந்தே அடிச்சான்னு சொல்லிடுறேன். ஆனா இப்பவே துவைச்சிராதீங்கண்ணே, மேனேஜர் நாளைக்குத்தான் வர்றாரு."

தைப்பூசத்துக்கு மறுநாள்

விரதம் சரியாக இருந்தால் அலகு குத்தும்போது ஒரு சொட்டு இரத்தம் வராது என்பது நம் மக்களின் உறுதியான நம்பிக்கை. வந்தால் அது உடம்பின் குற்றமல்ல, நடத்தையின் குற்றம். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஒரு குமாஸ்தா, தாங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுத்துப் போனவர், மஞ்சள் வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். குங்குமம் சிந்திவிட்டது என்றார். நான் பச்சைத் தண்ணீரில் போட்டேன். குங்குமம் கரைகிற விதம் வேறு, இது கரைந்த விதம் வேறு.

பகுத்தறிவுக்காரனுக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்? கம்பி குத்தினால் இரத்தம் வருவது உடற்கூறு, அதற்கும் முருகனுக்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தேன். அவருக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. "அதெல்லாம் இல்லண்ணே, காரணம் எனக்கே தெரியும்" என்று, விரதத்தின் இருபதாம் நாள் சாப்பிட்ட முர்தபாவின் கதையைச் சொன்னார். ஆட்டிறைச்சி அடைத்த முர்தபா ரொட்டி. அதுவும் இரண்டு. கடைசியில் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாமிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. என் மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாதுலா."

தங்கம்மாவின் வைத்தியம்

பக்கத்துத் தையல் கடைத் தங்கம்மா கல்யாணப் பெண்ணின் வெள்ளை ரவிக்கையில் கொக்கி தைக்கும்போது ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். நான் உப்பும் சோப்பும் பெராக்சைடும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அதற்குள் நூல் துண்டை வாயில் போட்டு மென்று, அதை வைத்தே கறையை ஒற்றிக்கொண்டிருந்தார். என் கண் முன்னாலேயே போயிற்று. யார் எச்சிலாக இருந்தாலும் போகும், இது விஞ்ஞானம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை: "உங்க சோப்பையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. என் ரத்தத்துக்கு என் எச்சில்தான் கேக்கும், இன்னொருத்தர் துப்பினா அசையாது."

கண்ணாடிப் பெட்டி

ஒரு வருடம் விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வேலுவே கடைக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் அந்தச் சட்டை. "கறை மங்கிப்போச்சுடா. போன தடவை பின்வரிசையில ஒருத்தன், காப்பி கொட்டிருச்சான்னு கேட்டுட்டான்லா. உனக்குத்தான் இந்த வேலை தெரியும். கொஞ்சம் சிவப்பாக்கிக் குடு." பன்னிரண்டு வருடத்தில் இரத்தத்தை எடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் வந்தார்கள், ஏற்றச் சொல்லி வந்தவன் அவன் ஒருவன்தான்.

பழக்க தோஷம், புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தேன். கறை வலது தோளின் பின்பக்கம் முதுகோடு இறங்கியிருந்தது. வெளிப்பக்கம் தடித்திருந்தது. உள்பக்கம் நிழல் மாதிரி. வெளியிலிருந்து உள்ளே போன இரத்தம். கழுத்துப்பட்டையில் ஒரு துளி இல்லை. நிமிர்ந்து வேலுவின் தலையைப் பார்த்தேன். முழு வழுக்கை; ஒரு கீறல் இல்லை. இத்தனை வருடம் எல்லாரும் சட்டையைத்தான் பார்த்தோம், மண்டையை யாரும் பார்க்கவில்லை. துறைமுக வாசலில் விழுந்தவன் அஞ்சடிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நானும் யோசித்ததில்லை. "நீ என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தியா?" என்றேன். "பின்ன, நடந்தா வந்தே? கோணி மூட்டை மாதிரி தொங்கிக்கிட்டு வந்தே" என்றான், யோசிக்காமல். பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது உறைத்து, கையால் வாயைப் பொத்தினான். அப்படியானால் இது என் இரத்தம் என்றேன். தங்கம்மாவின் வைத்தியத்தைச் சொல்லி, விரலில் எச்சில் தொட்டுக் கறையில் தேய்த்தேன். அவன் விடுவானா? அவனும் துப்பித் தேய்த்தான். பத்து வருட இரத்தம் இரண்டு எச்சிலுக்கும் அசையவில்லை. தியாகச் சட்டைமேல் இரண்டு தியாகிகள் துப்பியதுதான் மிச்சம்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "தூக்கிட்டு ஓடினவனுக்கு எந்தச் சங்கத்துலடா பட்டியல் இருக்கு? அடிபட்டவனுக்குத்தானே இருக்கு? சட்டையைப் பார்த்து அவங்களா முடிவு பண்ணாங்க. நான் இல்லேன்னு சொல்லலை" என்றான். என் பக்கத்தில் தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீர். உப்பு, பெராக்சைடு, மூன்று நாள் வெயில், பொய்யை வெள்ளையாக்கிவிடுவேன். ஆனால் எனக்கு மண்டை உடைந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். ஏற்கெனவே கேள்வி கேட்டு ஒரு விதியை மீறியாயிற்று. மற்றதையும் மீறினேன். இஸ்திரிப் பெட்டியைக் கரி தகதகக்கச் சூடாக்கி, கறைமேல் வைத்து அழுத்தினேன். இனி எந்தத் தண்ணீருக்கும் அது போகாது. சட்டையை மடித்துக் கொடுத்து, பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிடு, நீ தூக்கி வந்ததையும் மேடையில் நானே சொல்கிறேன் என்றேன். வேலு பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்: "ரத்தம் உன்னோடதாவே இருக்கட்டும்டா. சட்டை என்னோடதுதானே?"

விழா மலர் தபாலில் வந்தது. காயமடைந்தோர் பட்டியலில் வேலுதான் முதலில். கடைசி வரை தேடியும் நான் இல்லை. பின்னட்டையின் உள்பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் நடுவில் என் முழுப்பெயர் இருந்தது. பக்கத்தில் 'தியாகச் சட்டையைத் தேய்த்து உதவியவர்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஊரார் இரத்தத்தையெல்லாம் அடையாளம் தெரியாமல் எடுத்துக் கொடுத்த என் கை, அழியாமல் காப்பாற்றிய ஒரே இரத்தம் என்னுடையது, அதுவும் இன்னொருவன் பெயரில் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறது.