பச்சை அடித்த பம்ப் அறை

இருபத்திரண்டு வருஷமாக ஏரியில் லாஞ்சு ஓட்டுகிறவளைக் கூப்பிட்டு, 'கவனமில்லாமல் ஓட்டினேன்' என்று டைப் அடித்து நீட்டினால் யாருக்குத்தான் வயிறெரியாது? எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கும் எரிந்தது.

ஏரி என்றால் குட்டை இல்லை. அக்கரை மங்கலாகத்தான் தெரியும். நடுவில் ஒரு பாறை. கோடையில் தண்ணீர் இறங்கினால் அதன் தலைக்கு மேல் இரண்டடித் தண்ணீர்தான் இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. அதற்கு ஒரே அடையாளம் கரையிலிருந்த பம்ப் அறையின் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரும் அதன் பின்னால் மேட்டில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரிந்தால் வழி சரி. சுவர் விலகித் தெரிந்தால் பாறைக்குப் போகிறோம் என்று அர்த்தம். "நான் ஊசியில நூல் கோக்கறதைவிட நீ நேரா கோத்துடறியே" என்பார் தையற்காரரான அவள் புருஷன்.

அந்தக் கரையை ஒரு விடுதிக்காரர் வாங்கினார். சுவருக்கு இலைப்பச்சை அடித்தார்கள். அக்கா நேரிலேயே போய்ச் சொன்னாள். "இயற்கையோட ஒத்துப்போகணும்ல மேடம்" என்று சிரித்தார் மேனேஜர். அடப்பாவி! இயற்கை வந்து உன்னிடம் கேட்டதா? படகுத்துறை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

பகலில் பம்ப் அறைக் கதவின் விளிம்பை வைத்து எப்படியோ சமாளித்தாள். ஒரு கோடைச் சாயங்காலம், வெயில் கண்ணைக் குத்த, மரங்களுக்கு நடுவே சுவரைத் தேடினாள். கிடைக்கவில்லை. லாஞ்சு பாறையில் ஏறியது. நாற்பது பேருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்ததைச் சரிபார்த்து, உள்ளே வந்த தண்ணீரை இறைக்க வைத்து, கரை சேர்த்துவிட்டாள். ஒரு வாத்தியாருக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து, "சுவருக்குப் பச்சை அடிச்ச அன்னிக்கே நான் லாஞ்சு சாவியைத் தூக்கிப் போட்டிருக்கணும் சார்" என்று அழுதாள். அவர்தான் அவளைத் தேற்றினார்.

விசாரணை அதிகாரி பதினேழு நாள் அவளை அலைய விட்டார். கடைசி நாள் அந்தக் காகிதத்தைத் தள்ளினார்.

"கையெழுத்துப் போட்டா ஒரு மாசம் சஸ்பெண்டு. போடலேன்னா லைசென்ஸ் ரத்து. நீயே யோசிச்சுக்கோ."

"சுவரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே சார்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கூடத்தையே மறைச்சுட்டு ஆடச் சொன்னா எப்படி சார்?"

அவர் முகம் கடுத்தது. அக்கா பேனாவை எடுத்து, அடியில் எழுதினாள்: 'சுவர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஓட்டுகிறவரும் இதே பாறையில்தான் மோதுவார்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அந்த வரியை அடி."

"மாட்டேன்."

ரத்து என்று முத்திரை விழுந்தது. ஏரியை விட்டால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது. லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வச்சுக்குங்க சார். ஆனா லீவு நாள்ல உங்க புள்ளைங்களைச் சவாரிக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

வாசல் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து அதிகாரியின் குரல், கொஞ்சம் இறங்கி வந்தது.

"அந்தச் சுவர் எந்தப் பக்கம்மா இருக்கு?"

பதினேழு நாளில் அவர் அதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.