பதினொரு நிமிட வழி

நான் எழுதும் மர்மத் தொடர்களில் வரும் எந்த இடத்தையும் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையில் குடையும் சின்னக் கொப்பியுமாகப் போவேன். எந்த வேலிக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தியிருக்கலாம், எங்கே கத்தினால் எந்த வீட்டுக்குக் கேட்கும், எந்த வளவில் நாய் இருக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள், டீச்சர் டொக்டர் சொல்லிச் சீனி வருத்தத்துக்கு நடக்கிறா என்று நினைப்பார்கள். ஓர் ஆணின் பெயரில் ஞாயிறு பத்திரிகையில் எழுதுவது நான்தான் என்று என் மகளுக்கும், கட்டாரில் இருக்கும் கணவருக்கும், கொழும்பில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

பெரிய விசயத்தை வாசகர் நம்ப வேண்டுமென்றால் சின்ன விசயங்கள் உண்மையாக இருக்க வேண்டும். கொலைகாரன் கத்தி வைத்திருக்கிறான் என்று எழுதினால் யாரும் பயப்படுவதில்லை. வாய்ப்பன் தின்ற விரலைத் தாளில் துடைத்துவிட்டு எழும்பிப் போனான் என்று எழுதினால் பயப்படுவார்கள். பன்னிரண்டு வருடமாக இதை நம்பித்தான் எழுதினேன். பெருமையாகவும் இருந்தது.

கடைசித் தொடரில் ஒரு பல்கலைக்கழக மாணவி கடத்தப்பட வேண்டும். என் மகள் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிறாள். பின்னேரம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, மருந்துக்கடைக்குப் பின்னால் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைப் பாதையால் வீட்டுக்கு வருவாள். புதிதாக ஒரு வழியைத் தேடுவானேன் என்று அவளுடைய வழியையே எடுத்துக்கொண்டேன். மணிக்கூட்டைப் பார்த்தபடி இரண்டு தடவை நடந்தேன். நடந்தால் பதினொரு நிமிடம். நடுவில் கண்டல் பற்றை மறைக்கும் ஒரு வளைவு. அங்கே மூன்று நிமிடத்துக்கு எந்த வீட்டிலிருந்தும் ஆளைப் பார்க்க முடியாது. சைக்கிளில் போகிறவளை மறிப்பது கஷ்டம். ஆகவே கதையில் வருகிறவன் மருந்துக்கடைக்குப் பின்னால் போய்ச் சில்லின் காற்றைத் திறந்து விடுகிறான்.

என் அத்தியாயங்களை மகள்தான் முதலில் வாசிப்பாள். அன்றைக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டு வாசித்தாள்.

"அம்மா, இது என்ட சைக்கிள்."

"ஓம்."

"பெல் இல்லாததையும் போட்டிருக்கீங்க. கூடையில கட்டின பச்சைக் கயிறையும் விடல்ல. அந்த மருந்துக்கடையையாவது மாத்துங்களன்."

"மாத்தினாப் பொய்யாப் போயிரும் மனே. ஆரு கவனிக்கப் போறா?"

"அப்ப கடத்துறத்துக்கு முதல் எனக்கொரு நல்ல உடுப்பாவது போட்டு விடுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய மஞ்சள் சட்டையையே போட்டு விட்டேன்.

அத்தியாயம் ஞாயிறு வந்தது. வியாழன் பின்னேரம் மகள் வெறுங்காலோடு, முழங்காலில் இரத்தம் வடிய வீட்டுக்குள் வந்தாள். சைக்கிள் இல்லை. கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பாதித் தண்ணீர் சட்டையில் ஊற்றுண்டது. பிறகு சொன்னாள். சில்லில் காற்று இல்லை. முள்ளுக் குத்தியிருக்கும் என்று நினைத்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வளைவில் ஹெல்மெட் போட்ட ஒருவன் நின்றிருக்கிறான்.

"காத்துப் போயிட்டா தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறான். "கதையிலயும் அப்பிடித்தானே."

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அவன் பின்னால் வந்திருக்கிறான். வாவியில் தோணியில் நின்று வலை வீசிய இரண்டு பேர், "ஆர்ரா அவன்?" என்று சத்தம் போட்டதால் திரும்பிப் போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கேட்டேன்: "சரியா என்ன சொன்னவன்? 'கதையிலயும்' எண்டவனா, 'கதையில மாதிரி' எண்டவனா?"

மகள் என் கையைப் பார்த்தாள். கையில் கொப்பி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பொலிசுக்குச் சொல்வதற்காகத்தான் எடுத்தேன் என்று பிறகு அவளிடம் சொன்னேன். அதில் பாதி உண்மை.

"எழுதுங்க," என்றாள். "ஹெல்மெட் கறுப்பு."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழங்காலுக்கு அவளே மருந்து போட்டாள்.

பொலிசுக்கு அந்த அத்தியாயத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். முறைப்பாடு எழுதியவர் அதைக் கடைசி வரிவரை வாசித்தார். "பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் டீச்சர்?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டார். அப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் பன்னிரண்டு வருடம் உழைத்திருந்தேன்.

இரண்டு நாளில் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும், எழுதுவது நான்தான் என்ற விசயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "எங்கட வீட்டு ஒழுங்கை வழிய எழுதிப் போடாதீங்க டீச்சர், வீட்டில குமர்ப் பிள்ளைகள் இருக்கு," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பத்திரிகை ஆசிரியரோ, கடிதங்கள் நிறைய வருகின்றன, இந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர்கள் விடமாட்டார்கள் என்றார். மிச்சம் நாலு அத்தியாயத்தையும் எழுதிக் கொடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் கொடுத்தேன். கடைசியில் அந்த மாணவி ஒரு காயமும் இல்லாமல் வீடு வந்து சேருகிறாள். முடிவு நம்பும்படியாக இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

அவன் இன்னும் பொலிசிடம் பிடிபடவில்லை. கறுப்பு ஹெல்மெட்டைக் கண்டால் நடுரோட்டிலும் என் கால் நின்றுவிடுகிறது. ஆனால் என்னைத் தின்பது அவன் இல்லை. மகள் இரண்டு வருடமாகத் தனியே வந்த வழியில் எவர் கண்ணுக்கும் படாத மூன்று நிமிடம் இருப்பதை நான் மணிக்கூடு வைத்துக் கண்டுபிடித்தேன். தாயாக நடந்திருந்தால் அன்றைக்கே அந்த வழியை மறித்திருப்பேன். நானோ அத்தியாயத்துக்கு நல்ல முடிவு கிடைத்த சந்தோசத்தில் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். அவனுக்கு வேவு பார்த்துக் கொடுத்தது நான்.

மகள் இப்போது வளாகத்துக்குக் கிட்ட இரண்டு சிநேகிதிகளோடு அறை எடுத்து இருக்கிறாள். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு தடவை வருவாள். நன்றாகப் பேசுவாள், சாப்பிடுவாள், என் தலைக்கு எண்ணெய்கூட வைத்து விடுவாள். போன ஞாயிறு வெளிக்கிடும்போது கேட்டேன்.

"எந்த பஸ்ஸில போற மனே?"

"வாற பஸ்ஸில."

"இறங்கி எந்தப் பக்கத்தால நடக்கிற?"

செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க அம்மா?"

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"போய்ச் சேர்ந்து மெசேஜ் போடுறன்," என்றாள்.

எங்கள் படலையைத் தாண்டினால் இடது பக்கம் வாவிக்கரை, வலது பக்கம் பெரிய ரோட்டு. அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்காமல் இருப்பதற்காக உள்ளே வந்துவிட்டேன். குசினிச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். நிமிடங்களை எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து மெசேஜ் வந்தது. 'வந்திட்டன்' என்று மட்டும் இருந்தது.