சுவர்ப் பக்கம் திரும்பிய கழுத்து

எங்கள் தெருவில் குழந்தைக்கு உரம் விழுந்தால் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். பால் குடிக்காது, கழுத்தைத் திருப்பாது, தொட்டால் வீரிட்டு அழும். பழைய வேட்டியில் படுக்க வைத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டுவோம். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் கைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிற பெண்ணின் குழந்தைக்கு மட்டும் உரம் எடுபடவில்லை. பாயில் போட்டால் தலை வலது பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் வெறும் சுவர்.

"இன்னா ஆயா, அங்கயே பாத்துக்கினு இருக்குறான்? சிரிக்க வேற சிரிக்கிறான்."

"சொவத்துக்கு அந்தாண்ட எங்க தறி இருக்குதுமா. அந்தச் சத்தத்துக்குப் பாக்குறான்."

சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் சாகும்வரை உட்கார்ந்த தறி அது. இப்போது மகன் நெய்கிறான்.

அமாவாசை வந்தது. அன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. மகன் தறியறையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தான். தெருவே ஓசையில்லாமல் கிடந்தது. நான் பின்கட்டுக்குப் போனபோது குழந்தை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது. தறியில் இழைகளுக்கு நடுவே நாடாக் கட்டை ஓடுவதைப் பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான் போகும்.

"இன்னிக்குச் சத்தமே இல்லியே ஆயா," என்றாள் அவள்.

நான் போய்த் தறியறைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது.

குழந்தை டாக்டர், கழுத்துச் சதை ஒரு பக்கம் இறுகியிருக்கிறது என்று சொல்லிப் பயிற்சி கொடுத்தார். அதோடு அவள் சென்னையில், கையால் தொட்டே வைத்தியம் பார்க்கிற ஒரு ஆஸ்டியோபதி டாக்டரம்மாவிடமும் போனாள். நானும் கூடப் போனேன். என் கைக்கு அடங்காததை இன்னொரு கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா?

அந்த அம்மா இரண்டு விரலைக் குழந்தையின் பிடரிக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அமுக்கவே இல்லியேம்மா, இன்னா வைத்தியம் இது?"

"துணியில போட்டு உருட்டுனது நீங்கதானா பாட்டி?"

"நான்தான். எத்தினி கொழந்தைங்கன்னு காஞ்சிபுரத்துல கேட்டுப் பாரு."

"இனிமே வேணாம் பாட்டி. பிஞ்சுக் கழுத்து, தாங்காது."

சுருக்கென்றது. ஆனால் அந்த முகத்தில் கேலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். பிறகு அவர் தாயிடம் சொன்னார்: "பயிற்சிய விடாதீங்க. அவனுக்குப் பிடிச்சது எதுவோ, அத இடது பக்கம் வைங்க. அவனாத் திரும்பணும். இல்லேன்னா கழுத்து இப்படியே நின்னுடும்."

அவள் என்னைப் பார்த்தாள். கிலுகிலுப்பையோ போன் வெளிச்சமோ எதற்கும் திரும்பாத குழந்தை அது. அதற்குப் பிடித்தது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னாள். "வேற வீடு பாக்கலாம்னு இருந்தேன் ஆயா, பயமா இருக்குது. இப்பப் போயிட்டா இவன் எதப் பாத்துத் திரும்புவான்?"

அவள் வீடு மாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாயில் தலைமாட்டை மாற்றிப் போட்டாள். சுவர் இடது பக்கம் வந்தது. குழந்தை வழக்கம்போல வலது பக்கம் பார்த்தது. அங்கே எதையும் காணாமல் உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் கழுத்து நடுங்க நடுங்க, அழுதுகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைத் தேடித் திரும்பியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கவில்லை. தினமும் அப்படியே உட்கார்ந்தாள்.

பயிற்சியும் நடந்தது, அந்த டாக்டரம்மாவிடமும் போய் வந்தார்கள். எதனால் கழுத்து இளகியது என்று நான் எப்படிச் சொல்ல? ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். குழந்தை இரண்டு பக்கமும் தாராளமாகத் தலையைத் திருப்பியது. "பாரு ஆயா, பாரு!" என்று சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். குழந்தை சுவரைப் பார்த்தது. பிறகு அதன் பார்வை சுவரோடு நகர்ந்தது, அவசரமில்லாமல், தறியை விட்டு எழுந்து ஆள் நடந்து வருகிற வேகத்தில். மூலையைத் தாண்டி, கதவைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது.

"யாரப் பாக்குறான் ஆயா?"

"என்னியத்தான்," என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.