செக்கிங்காரர் மகளும் ஒரு சிடியும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு யுத்தம். ஒரு பக்கம் என் மகள், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். எதிர்ப்பக்கம் அவளுடைய தம்பி, பி.யூ.சி. இரண்டாம் வருடம். விஷயம்? வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் விண்டோஸே இருக்கட்டுமா, அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடலாமா?

“லினக்ஸ்னா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ளே போய்ப் பார்க்கலாம், மாத்தலாம். அதுதாண்டா சுதந்திரம்” என்கிறாள் அவள். “சுதந்திரம் இருக்கட்டும்… என் கேம் அதுல ஓடுமா?” என்கிறான் அவன். நடுவில் மட்டன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “அம்மா, நீயே சொல்லு!”

நான் என்னத்தைச் சொல்ல? இதே சண்டையை இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னாலேயே பார்த்தவள் நான். அதுவும் எங்கே? கோலார் தங்கவயலில், ஒரு சர்ச்சில்!

என் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்க கம்பெனியில் அவர் காவல் பிரிவு. தங்கம் பிரிக்கிற மில்லின் கேட்டில் நிற்பார். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். முப்பது வருடம் இதே வேலை. ஊரில் அவருக்குப் பெயரே ‘செக்கிங்காரர்’தான். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நின்று, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார்கள். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலுக்கு அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டிலும் அதே செக்கிங். எட்டு வயதில் பாண்டி ஆட ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். “எங்க எடுத்த?” என்று கேட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வைத்தவர் என் அப்பா. கல்லில் தங்கமெல்லாம் இல்லை. வெறும் கல்!

இப்போது கதை நடந்த காலத்துக்கு வருவோம். சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருடம். ‘மூடப் போறானாம்’, ‘மூட மாட்டானாம்’… நாங்கள் இருந்த நந்திதுர்க் சுரங்கம் பக்கம் நான்கு பேர் கூடினால் இதே பேச்சு. எங்கள் வீட்டில் போட்ட திட்டம் ரொம்ப எளிமையானது: அப்பாவின் சம்பளம் நிற்பதற்குள் என் சம்பளம் ஆரம்பித்துவிட வேண்டும். நான் பி.காம். முடித்திருந்தேன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பெங்களூரில் ஒரு கம்பெனி தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதமும் போட்டிருந்தது. ஆனால் ‘கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்’ என்று அடியில் ஒரு வரி. தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம்!

எங்கள் சபையில் சாமுவேல் அண்ணன் என்று ஒருவர். டிப்ளமா படித்தவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். போதகர் ஞாயிறு பள்ளி அறையை இலவசமாகக் கொடுக்க, இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து வகுப்பு ஆரம்பித்தார். ஒன்பது பேர் சேர்ந்தோம். ஒன்பது பேர் அப்பாவும் சுரங்கம்தான்.

மூன்று வகுப்பு முடிந்திருக்கும். நான்காவது நாள் மழை. குடையோடு என்னைக் கூப்பிட வந்த அப்பா, மேஜைமேல் இருந்த சிடியைப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம்… கை தானாகப் போய் அதை எடுத்துத் திருப்பியது.

“இன்னாப்பா இது? கம்பெனி பேரு எதுவும் இல்ல. கையில எழுதிகீது?”

“விண்டோஸ் அங்கிள். காப்பி.”

“எங்க வாங்கின?”

“பெங்களூர்ல, பிளாட்பாரத்துல…”

“இத்த செஞ்சவன் குடுத்தானா?”

சாமுவேல் அண்ணன் சிடியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். ‘எல்லாரும் இப்படித்தான் அங்கிள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் மனசாட்சிக்காரர். அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. காய்ச்சல் சுகமானதற்கு ஒரு அம்மாவும், மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒரு பெரியவரும் நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள். அடுத்து எழுந்தது சாமுவேல் அண்ணன்! “கர்த்தருடைய வீட்டுல திருட்டுப் பொருள வெச்சி கிளாஸ் நடத்துறேன். என்னை மன்னிக்கணும்” என்றார். பாட்டுப் புத்தகம் புரட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்த ஒரு மாமா எங்களுக்காக வாதாடினார். “ஏம்பா, திருட்டுன்னா எடுத்த எடத்துல கொறையணுமில்ல? இந்தப் பையன் எடுத்ததுல அவங்களுக்கு இன்னா கொறஞ்சிபூட்ச்சி?” என்று கேட்டார். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் பெரிய பெரிய வக்கீல்கள் இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

அப்பா விடவில்லை. “கொறஞ்சிதா, கொறயலயான்னு நான் கேக்கல. அவன் குடுத்தானா, இல்லையா? அத்த சொல்லு.”

தீர்ப்பு ஆகிவிட்டது. இரண்டு மிஷினிலும் இருந்த விண்டோஸ் அழிக்கப்பட்டது. வகுப்பு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரில் அத்தனை அப்பாக்களும் பிள்ளைக்கு சிபாரிசு பிடிக்க அலைகிறார்கள். என் அப்பா மட்டும் பிள்ளை படிக்கிற இடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிறார்!

ஆனால் சாமுவேல் அண்ணன் சும்மா உட்காரவில்லை. அடுத்த வாரமே பெங்களூர் போய், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். லினக்ஸ். அப்பா ஆணி அடித்ததுபோல் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டார். அதோடு வந்த லைசென்ஸ் நிபந்தனைகளைத் தமிழில் சொன்னால்தான் மிஷினில் போட விடுவாராம்.

“ஒரே சிடிய ரெண்டு மிசின்ல போடலாமா?”

“போடலாம் அங்கிள்.”

“பக்கத்து ஊட்டுக்காரனுக்குக் குடுத்தா?”

“குடுக்கலாம். அவரு இன்னொருத்தருக்குக் குடுக்கலாம்.”

“தொறந்து உள்ள பாத்தா?”

“பாக்கலாம். மாத்தவும் மாத்தலாம். மாத்துனத வெளிய குடுத்தா, இன்னா மாத்துனோம்னு மறைக்கக் கூடாது. அவ்ளோதான்.”

அப்பா சிடியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப இதுல காவல் காக்க இன்னாதான் கீது?”

அவருடைய வாழ்க்கையில் காவலே தேவைப்படாத ஒரு பொருளை அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவ்வளவு ஆச்சரியம் அவர் முகத்தில். எனக்கு அதை ரசிக்கிற மனநிலை இல்லை.

லினக்ஸ் ஏறுவதற்குள் மூன்று நாள் போய்விட்டது. ஒரு மிஷினில் மவுஸ் நகராது. இன்னொன்றில் எழுத்துகள் பூசணிக்காய் சைஸில் வரும். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னும்… என்ன வேண்டும் என்று அதுவும் சொல்லாது, நமக்கும் தெரியாது. இருந்தாலும் சாமுவேல் அண்ணன் விடாப்பிடியாகச் சொல்லிக் கொடுத்தார். கடிதம் அடிக்க, சேமிக்க, திறக்கக் கற்றுக்கொண்டேன்.

தேர்வு நாள் வந்தது. விடிகாலை ரயில், பங்காருபேட்டை வழியாக பெங்களூர். ஏ.சி. அறையில் என்னை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். விண்டோஸ்! கடிதத்தைத் தப்பில்லாமல் அடித்து முடித்தேன். அட்டவணை போடச் சொன்னார்கள், தேடினேன். பிரிண்ட் எடுக்கச் சொன்னார்கள், அதையும் தேடினேன். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த பெண் முடித்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டாள். எதில் படித்தாய் என்று அதிகாரி கேட்டார். “லினக்ஸ், சார்.” அவருக்குச் சிரிப்பு. அதெல்லாம் இன்ஜினியர்கள் வைத்துக்கொள்வது, லெட்டர் அடிக்க எதற்கம்மா அது என்றார். வேலை இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார், “இன்னாமா ஆச்சி?”

நான் சொன்னது இன்றைக்கும் என்னைக் கடிக்கிறது. “முப்பது வருஷம் ஊரான் டப்பாவைத் தொறந்து பாத்தீங்களே… ஒரு தடவ உங்க பொண்ணோடத பாக்காம இருந்திருக்கக் கூடாதா?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து, லீவு போட்டு பெங்களூர் போனார். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. திரும்பும்போது அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி. பளபளவென்று கண்ணாடித்தாள் சுற்றிய, ரசீதோடு வாங்கிய, ஒரிஜினல் விண்டோஸ்! வேலை போகப் போகிற மனிதர் வாங்குகிற பொருளா அது? கிறிஸ்துமஸ், புது வருஷம் இரண்டுக்கும் சேர்த்துக்கூட அவர் தனக்குப் புதுச் சட்டை எடுத்து நான் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு விண்டோஸ் மேல் கோபம் இல்லை… திருட்டின் மேல்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சர்ச் அறையில் பெட்டியைப் பிரித்தோம். அப்பா மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். “படிப்பா, இதுல இன்னா எழுதிகீது?”

“ஒரு மிசின்ல மட்டும்தான் போடணும் அங்கிள்.”

“நம்மகிட்ட ரெண்டு கீதே.”

“அதுக்கு இன்னொண்ணு வாங்கணும்.”

“சரி… உள்ள தொறந்து பாக்கலாமா?”

“கூடவே கூடாது.”

“அப்ப துட்டு குடுத்து நான் இன்னாத்த வாங்கினேன்?”

“யூஸ் பண்ணிக்கலாம் அங்கிள். ஆனா நம்மளது இல்ல.”

அப்பா சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். “இது நம்ம கம்பெனி குவார்ட்டர்ஸ் கணக்கா கீது. குந்திக்கலாம், செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது!”

அறையில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருமே கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். தாத்தா காலத்திலிருந்து இருந்த வீடு. சுரங்கம் மூடினால் அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மிஷினில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். முறை வைத்துப் படித்தோம். எதிர்வீட்டுப் பையன் விண்டோஸ் பெட்டியைக் கடன் கேட்டு வந்தபோது அப்பா கும்பிட்டு அனுப்பிவிட்டார். லினக்ஸ் சிடியை மட்டும் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் காப்பி போட்டுத் தரச் சொல்லி சாமுவேல் அண்ணன் உயிரை எடுத்தார். அதை வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. செக்கிங்காரர் தன் கையால் ஒரு பொருளைக் கொடுக்கிறார் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? டீக்கடையில் சட்டைப் பையை இழுத்துக் காட்டுவதும் மெல்லக் குறைந்தது.

அடுத்த தேர்வில் எனக்கு வேலை கிடைத்தது. பெங்களூரிலேயே வேறு கம்பெனி, தினமும் ரயிலில் போய்வர வேண்டும். அங்கேயும் விண்டோஸ்தான். நான் சேர்வதற்குள் சுரங்கம் மூடிவிட்டது. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கும் நின்றுவிட்டது. எந்நேரமும் யூனிபார்மில் பார்த்துப் பழகிய அப்பாவை, பகல் பதினோரு மணிக்கு லுங்கியோடு வீட்டில் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அவரிடம் காவலுக்கு ஒன்றுமே இல்லை.

முதல் நாள் வேலை முடிந்து கம்பெனி கேட்டுக்கு வந்தேன். அங்கே ஒரு செக்யூரிட்டி. அப்பா வயசுதான் இருக்கும். சிடி, ஃபிளாப்பி எதுவும் வெளியே போகக் கூடாதாம். பையைத் திறக்கச் சொன்னார். முன்னால் போன பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டினார்கள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, பைகளை மட்டுமே பார்த்தார். பையைத் திறந்தேன். கேட்காமலே சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டினேன். அவர்தான் சங்கடப்பட்டு, “பரவால்ல, போங்கம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அது காதில் விழாததுபோல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

“டப்பாவ அடியில தட்டிப் பாத்தானா?”

“இல்லப்பா.”

“டப்பாவுக்கு ரெண்டு அடித்தட்டு வெச்சி செஞ்சி, நடுவுல தங்கத்தப் பதுக்குவானுங்க. தட்டினா சத்தம் மாறும்… நாளைக்கு அவனுக்குச் சொல்லிக் குடு. அவனும் வேற யாருக்காவது சொல்லிக் குடுக்கட்டும்.”

சொல்லிக் கொடுத்தேன். அந்த மனிதர் மறுநாளிலிருந்து தினமும் தட்டியது — முதலில் என் டப்பாவைத்தான்!