மயில்கண் பூவைக் குளத்தில் விட்டவன்

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அப்போது பொத்தோங் பாசிரில் மணல் அள்ளிய பள்ளங்களெல்லாம் குளமாகிக் கிடந்தன. ஒன்றில் தாமரை. வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் விற்ற மொட்டுகள் அந்தக் குளத்தில் பூத்தவை. கணவர் போனபின் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டவரை அக்கா என்று கூப்பிடுவேன். உறவில்லை. கைலியைத் தூக்கிச் செருகி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இலை கிழியாமல் மொட்டு பறிப்பார். நான் கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மணிக்கணக்காக.

"என்ன தம்பி, மொட்டு வேணுமா, குளமே வேணுமா? பொண்டாட்டி தேடப்போவுது லா!"

கந்த சஷ்டிக்கு மொட்டு வாங்கக் கிளம்பிய ஒரு நாள், காலாங் பக்கத்து ஓடையில் அந்தச் செடியைக் கண்டேன். தண்ணீரில் மிதந்தது. ஊதாப் பூங்கொத்து, ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் நீலம், நீலத்துக்குள் மஞ்சள் பொட்டு. மயில்தோகைக் கண்ணேதான். முருகனுக்கு இதைவிடப் பொருத்தமான பூ இருக்க முடியுமா? நிறத்தைக் கண்டால் எனக்குப் புத்தி நிற்காது, அன்றும் இன்றும். வேரோடு அள்ளி, பித்தளைச் சொம்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். விளக்கு வெளிச்சத்தில் அது நின்ற அழகை என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

மறுநாள் பூ வதங்கியது. செடி வதங்கவில்லை.

"சாமிக்கு வச்சதுங்க. குப்பையில போட்டுடாதீங்க. கால் படாத இடமாப் பாத்துத் தண்ணியில விட்டுட்டு வாங்க."

எங்கள் வீட்டுப் பின்னால் ஓடியது சாக்கடை. சவர்க்கார நுரையும் மீன் குடலும். சாமிக்கு வைத்ததை அதிலா விடுவது? எனக்குத் தெரிந்த சுத்தமான தண்ணீர் அக்காவின் குளம் ஒன்றுதான். போனேன். அவர் குடிசைக்குள் இருந்தார். நான் கூப்பிடவில்லை. தாமரை இலைகளுக்கு நடுவே செடியை மெல்ல விட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிட்டேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. தைப்பூசத்துக்கு மொட்டு வாங்கப் போனபோது குளத்தைக் காணோம். தண்ணீர் என்று சொல்ல ஓர் உள்ளங்கை இடம்கூட இல்லை. நான் விட்ட செடிதான், வெங்காயத் தாமரை, கரை முதல் கரை வரை, உப்பிய தண்டுகளோடு தோளோடு தோள் நின்றது. நடுவே தாமரைக் காம்புகள் கழுத்து நெரிபட்டு மஞ்சளாகச் சாய்ந்திருந்தன. எங்கும் ஊதா. ஆயிரம் மயில்கண். எல்லாம் என்னையே பார்த்தன.

அக்கா வேலியோரம் நின்று, அடுத்த தோட்டத்தில் பன்றி வளர்த்த சீனப் பெரியவரை ஏசிக்கொண்டிருந்தார். "ஓய் தவுக்கே! உன் பன்னிக்குத் தீனி வளக்க என் குளம்தானா கெடச்சுச்சு?"

தவுக்கே என்றால் முதலாளி, அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். தான் அதைச் செய்யவில்லை என்று அவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். தீபாவளிக்கு அக்கா முறுக்கு கொடுக்க, சீனப் பெருநாளுக்கு அவர் ஆரஞ்சு கொடுக்க, இரண்டு வீடும் வேலிக்கு மேலேயே பழகியவை. அந்தப் பெருநாளுக்கும் வேலிக்கம்பத்தின்மேல் இரண்டு ஆரஞ்சு இருந்தன. அக்கா தொடவில்லை. அவை அங்கேயே அழுகின.

நான் வாய் திறந்தேன். "நான் வேணா ஞாயித்துக்கிழமை வந்து பிடுங்கித் தரேன்க்கா." வந்த சொல் இதுதான். வரவேண்டிய சொல் வேறு.

ஞாயிறு தவறாமல் போனேன். பிடுங்கினால் வேர் கறுப்பாக, நனைந்த தாடிபோல் கையில் வழியும். ஒன்றை இழுத்தால் கொடி அறுந்து நான்கு மிதக்கும். இந்த வாரம் திறந்த தண்ணீர் அடுத்த வாரம் மூடியிருக்கும். மூன்றாம் ஞாயிறு தவுக்கே நீளக் கழியில் பல்லுள்ள வாரி கட்டிக்கொண்டு வந்தார். தன் பக்கத்துக் கரையில் நின்று இழுத்துக் குவித்து, கூடை கூடையாகச் சுமந்துபோய்ப் பன்றிக்கு வேகவைத்தார்.

அக்கா என் காதோரம் வந்தார். "பாத்தியா? தீனி வேணும்னுதான் விட்டிருக்கான். இல்லாட்டி இவனுக்கு என்ன அக்கறை?"

"உம்" என்றேன்.

அடுத்த சஷ்டி வந்தபோது குளத்தில் கால்பங்கு திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு மொட்டு. அக்கா அதை இலையில் சுற்றி என் கையில் வைத்தார். "கடைக்காரன் கேட்டான், குடுக்கல. நீதான் தம்பி கூட நின்ன. உன் முருகனுக்கு."

மனைவி விளக்கடியில் வைத்தாள். மறுநாள் அதையே சொன்னாள்: "தண்ணியில விட்டுட்டு வாங்க."

வாடிய தாமரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சைக்கிள் மிதித்த தூரமெல்லாம் ஒத்திகை. கரையில் தவுக்கே மட்டும் வாரியோடு நின்றார். என் மலாய் ஓட்டை. என் நெஞ்சைத் தொட்டு, குளத்தைக் காட்டி, நான்தான் விட்டேன் என்றேன்.

அவர் வாரியை நிறுத்தவில்லை. தெரியும், பார்த்தேன், நீ கும்பிட்டாய் என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

உன்னைத் தம்பி என்கிறாள், நான் சொன்னால் நம்புவாளா? அவ்வளவுதான். மறுபடி குளத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, வா, தேத்தண்ணி ஆறுது!" குடிசை வாசலில் அக்கா குரல். போனேன். கோப்பையை வாங்கினேன். சொல் நாக்கின் நுனியில் நின்றது, ஆவி பறக்க.

"என்ன, தவுக்கே உன்கிட்ட ரொம்ப நேரம் பேசுனான்?"

"ஒன்னுமில்லக்கா. பன்னிக்குத் தீனி பத்திதான்."

அவர் சிரித்தார். குடித்தேன். பைக்குள் இருந்த தாமரையை எந்தத் தண்ணீரிலும் விடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.