ஆரத்தித் தட்டில் விழுந்த சாயம்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப் பெட்டியின் மேல் சைஸும் கலரும்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் இப்படி வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பீஸில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. என் மேசைக்கு எதிரே ஓவர்லாக் மிஷினில் பல வருஷமாக ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். என்னைவிட இளையவள். எங்கள் வீதியிலேயே குடியிருக்கிறாள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பாள். வரப்போகும் தேர்தலில் அவளை ஒரு கட்சி கவுன்சிலருக்கு நிறுத்தியிருக்கிறது. அந்தக் கட்சி ஜெயித்தால் அவளைத்தான் மேயராக்குவார்கள் என்று பேச்சு. மேயர் என்று நான் பார்த்தது, கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அசைந்த ஒரு கையை மட்டும்தான். அந்தக் காரில் இவளை உட்காரவைத்து நினைத்தால் எனக்கு மூச்சு நின்று வரும்.

ஆனால் எதிர்த்து நிற்பது எங்கள் முதலாளியின் தம்பி மனைவி. வீதியில் பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனிச் சோறு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசர்தான் டீ நேரத்தில் சிரித்துக்கொண்டே, "ஆரு ஆரு தட்டெடுக்கறாங்கன்னு பாத்துக்கலாமுங்க" என்றார்.

ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு வீட்டுப் பெண்கள் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்த வீதியிலேயே ஒரு தட்டும் வெளியே வராவிட்டால், அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் அடுத்த வீதிக்குப் போய்விடும். அங்கேயும் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் வீதிக்கு ஓட்டுக் கேட்டு வருவதற்கு முந்தின நாள் ஓவர்லாக்காரி என்னிடம் வந்தாள்.

"யக்கா, ஒரே ஒரு தட்டு. நீங்க எடுத்தாப் போதும்."

"பாக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டது. கூடவே கதவுகள் சாத்தும் சத்தம். எனக்கு என்ன வந்ததோ, தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். சுண்ணாம்பு இல்லாததால் சிவக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஓடினேன். அவளும் எங்கள் கம்பெனிதான், புருஷன் சாயப்பட்டறையில் இருக்கிறார்.

"சுண்ணாம்பு இல்லீங்க்கா. கோலமாவுக்குக் கலக்கற செவப்புப் பொடி இருக்குது. ஆருக்குத் தெரியப்போவுது?" என்று ஒரு சிட்டிகை போட்டு விரலாலேயே கலக்கினாள்.

"நீயும் வாயேன் கண்ணு."

"நான் சன்னல்ல நின்னு பாத்துக்கறனுங்க்கா."

வீதியில் நான் ஒருத்திதான் நின்றேன். தட்டைச் சுற்றி, மோதிர விரலைத் தோய்த்து அவள் நெற்றியில் வைத்தேன். புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அதே ஓவர்லாக்காரிதான். ஆனாலும் கோயிலில் திரை விலகியதும் தெரிகிற முகத்தைப் பார்ப்பது போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தனித் தட்டு கரைக்க நேரமில்லாமல் அந்த வீட்டுக்காரி என் தட்டிலேயே விரலைத் தோய்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

வீதி முனைவரை நாங்களும் கூடப் போனோம். அங்கே ஓவர்லாக்காரி துண்டால் நெற்றியைத் துடைத்தாள். சிவப்பு புருவம்வரை பரவியதே தவிரப் போகவில்லை. கட்சிக்காரர் பதறினார்.

"இது சாயமுங்க. தேங்காயெண்ணெய் கொண்டாரச் சொல்லட்டுங்களா? நாளைக்குப் போட்டோ எடுக்கோணும்."

அவள் செல்போனில் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கெட்டிச் சாயம்ணே. நம்ம ஊருச் சரக்கு, சீக்கிரம் போவாது. விடுங்க."

கூட்டத்தில் ஒருத்தி என் விரலைக் காட்டி, "ஏனுங்க்கா, ஓட்டுக்கு முன்னாலயே மை வெச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்லாக்காரி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"யக்கா, நாளைக்குக் கம்பெனிக்குப் போவாதீங்க. வயித்துவலின்னு சொல்லிருங்க. இது போற வரைக்கும்."

இன்னும் எத்தனையோ வீதி நடக்க வேண்டியவள், நாளைக்கு என்னாவாளோ தெரியாதவள், என் ஒரு விரலுக்காக மேளத்தை நிறுத்திவிட்டு நிற்கிறாள். "போயிட்டு வா கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அந்த நெற்றியோடேயே அடுத்த வீதிக்குள் போனாள். முதல் வீட்டிலேயே கதவு திறந்திருந்தது. தட்டோடு ஒருத்தி நின்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் எங்கள் விரல்களைப் பார்த்தார். சிவப்புக் கை வெள்ளை பீஸைத் தொட வேண்டாம் என்று, பொடி கலக்கிய விரலோடு சன்னலில் நின்றவளையும் சேர்த்து, எங்களைக் கறுப்பு பனியனுக்குப் பிசிர் வெட்டப் பின்கட்டுக்கு அனுப்பினார்.